உப்புநீர் ஊசி போட்ட எலிகள்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வந்த காலத்தில், மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மூளையில் வேலை செய்யும் இரண்டு நியூரோபெப்டைடு மருந்துகளை எலிகளுக்கு ஊசி போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அது என்ன மருந்து ஆத்தா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஒன்று பயத்தைக் குறைக்குமா, மற்றது ஞாபகத்தைக் கூட்டுமா என்று பார்க்கிறோம் என்றேன். அவர் பஜ்ஜித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு என் அப்பாவிடம் திரும்பினார்.

"வீட்ல பெரியவுக இருக்காக. பயமில்லாத மருமக ஆகாது. எதையும் மறக்காத மருமக ஆகவே ஆகாது. ரெண்டு மருந்தையும் அங்கனயே விட்டுட்டு வரச் சொல்லுங்க."

"விட்டுருவா," என்றார் அப்பா, என்னைக் கேட்காமலே.

கல்யாணத்துக்கு முன்பே ஆய்வு முடிந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாமல் வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலிகளும் அதே துணிச்சலோடு, அதே ஞாபகத்தோடு இருந்தன.

மருந்துகளை விட்டுவிட்டுத்தான் போனேன். மருந்தென்று அந்த வீட்டுச் சோற்றில் நான் தின்றது வெறும் உப்புதான். பயம் ஒரே வருடத்தில் போயிற்று. அன்று மாமியார் சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.