புளி போட்டு மினுக்கிய காசு

பட்டுப்பாதையை ஆண்ட பழைய அரசர்களின் காசுகளைப் பல வருடங்களாகச் சேர்க்கிறேன். ஆனால் சிவனும் நந்தியும் பொறித்த குஷாணர் செப்புக்காசு, மல்வேர்னில் என் பக்கத்து வீட்டு ராணி அன்ரிக்குத்தான் கிடைத்தது. வேலையிடத்து ஆப்கான் தோழி சும்மா கொடுத்தாளாம்! எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை போனபோது காசு அவரின் சாமித்தட்டில் பளபளத்தது.

"புளி போட்டு மினுக்கினனான், தம்பி. ஊத்தையெல்லாம் போயிட்டுது."

காலங்காலமாகப் படிந்த அந்தப் பச்சைக் களிம்பில்தான் காசின் மதிப்பே இருந்தது. இனி எந்தச் சேகரிப்பாளனும் அதைச் சீண்டமாட்டான். எரிந்த வயிறு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இஞ்ச பாரும், இப்பத்தான் சிவபெருமான் என்னைப் பாக்கிறார்," என்று அன்ரி கைகூப்பினார்.

வீட்டுக்கு வந்து என் காசு அல்பத்தைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறைகளுக்குள் எத்தனையோ அரசர்கள், தெய்வங்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.