பெல்ட்டின் மேல் போட்ட பழி

"மோட்டாரை நீங்களே பாத்து வாங்கினீங்களா? பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமாம்மா?" என்று கேட்டார் யூசுப் அண்ணன். என் தோழி சாஹிதாவின் அண்ணன்.

மோட்டாரை நான் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். பழியைச் சாஹிதாவின் மேல் போட்டேன். உங்களிடம் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சாஹிதா பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் அவள் அண்ணனுக்குப் பெயர்ப்பலகைக் கடை. பலகையில் எழுத்துச் செதுக்கும் சிறிய மேசை இயந்திரம் ஒன்றை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு முன்னறையில் இருவருமாகக் கட்டினோம். சட்டமும், மோட்டாரின் சுழற்சியைச் செதுக்கும் முனைக்குக் கொண்டுபோகும் பெல்ட்டும் அவள் பொறுப்பு, மோட்டார் என் பொறுப்பு. நன்றாக ஓடினால் கடை மாடியில் நாங்கள் தொழில் நடத்தலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மாடிக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரை சாஹிதா முடிவு செய்துவிட்டாள்!

இதற்கு வேண்டிய ஸ்டெப்பர் மோட்டார் சிறு சிறு அடியாகத் திரும்பும். ஓர் அடி தவறினால் இயந்திரத்துக்குத் தெரியாது. தவறிய இடத்திலிருந்தே செதுக்கிக்கொண்டு போகும். எதில் முறுக்கு விசை அதிகம் என்று போட்டிருந்ததோ அதை வாங்கினேன். வேறெதையும் பார்க்கவில்லை.

"இவ்ளோ பெருசு வேணுமாடி?" என்று கேட்டாள் சாஹிதா.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பதில் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்...

மெதுவாக ஓட்டினால் அழகாகச் செதுக்கியது. வேகம் கூட்டினால் உறுமிவிட்டு நழுவியது. கடையில் காட்டுவதற்கு முந்தைய நாள், சாஹிதா சாப்பிடப் போயிருந்தபோது, பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் வேகமாக ஓட்டினேன். சுழலும் தண்டை இரண்டு விரலால் பிடித்தேன். நின்றுவிட்டது! நான் பார்த்து வாங்கிய விசை, அசையாமல் நிற்கும் மோட்டாருக்கு உரியது. ஓடும்போது எவ்வளவு மிஞ்சும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பெல்ட்டை மாட்டி வைத்தேன். சாஹிதா வந்தாள். நழுவுவது பெல்ட்தான் என்று நினைத்து அதைப் பிரித்தாள், இறுக்கினாள், மறுபடி பிரித்தாள்... சாயங்காலம் வரை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் சொல்லவில்லை? அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு "வராது" என்ற பதில் என்னால் கிடைக்கக் கூடாது என்றா? இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் கடையில் மெதுவாகவே ஓட்டினேன். "இந்த வேகத்துல போனா கஸ்டமர் டீ குடிச்சு, சமயபுரம் போய்ச் சாமியும் கும்பிட்டு வந்துடுவாரு" என்றார் அண்ணன். கடையே சிரித்தது. வேகத்தைக் கூட்டினேன். இரண்டாம் வரி முதல் வரியின் மேல் ஏறியது.

"என்னம்மா ஆச்சு?"

"பெல்ட் சரியா இறுக்கலைங்க."

என் குரல் நடுங்கக்கூட இல்லை!

வாசலில் சாஹிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கடி. என்னால உன் உழைப்பும் போச்சு."

"பரவாயில்லடி" என்றேன். மன்னித்தேன்... நான், அவளை!

பிறகு, வேகத்திலும் வலு குறையாத சிறிய மோட்டாராகச் சத்தமில்லாமல் மாற்றினேன். இயந்திரம் ஓடுகிறது. அந்தக் கடை வேலையே எனக்கு வருகிறது. மாடியில் சரக்கு அடுக்கிவிட்டார்கள். சாஹிதா கீழே பில் போடுகிறாள். கருவி எதையும் தொடுவதில்லை. வெற்றுப் பலகைகளைக் கட்டி என்னிடம் கொடுப்பவள் அவள்தான்.

நேற்று அவளிடம் சொன்னேன். விரலால் நிறுத்திப் பார்த்ததையும் சேர்த்து.

"நான் பெல்ட்டைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருந்தேனே... அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் பலகைக் கட்டை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கிட்டுப் போ. ஆளுங்க நிக்கிறாங்க."

நான் எடுக்கவில்லை. உள்ளே போய் யூசுப் அண்ணன் முன்னால் நின்றேன். கடை நிறைய ஆட்கள். எல்லோர் காதிலும் விழும்படி ஆரம்பித்தேன்: "அண்ணே, அன்னிக்கு நழுவினது பெல்ட் இல்லைங்க..."