மில்லக்காவின் குரலைத் திருப்பி வைத்த கதை

மில்லக்கா பிறந்து முதல் அழுகை அழுதபோது, ஆஸ்பத்திரி வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான் என்று நினைத்து எழுந்து கேட்டைத் திறந்துவிட்டாராம். அவளுடைய அம்மா இதைச் சொல்லச் சொல்ல ஒரு லாரி இரண்டு லாரியாகி, கடைசியில் தெருமுனை வரைக்கும் வரிசை நிற்கும். லாரிக் கணக்கு எப்படியோ போகட்டும். குரல் பிறவியிலேயே வந்தது. அதைச் சாணை பிடித்துக் கொடுத்தது மாவு மில்.

நகரத்துச் சந்தைக்குப் பின்னால் இருந்தது அந்த மில். நீளமான ஒரே அறை, வரிசையாக மெஷின்கள். பெல்ட் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் மறுநாள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நின்று, "நைசா அரைக்கணுமா, கொரகொரப்பா இருக்கணுமா?" என்று காலை முதல் சாயங்காலம் வரை கேட்பதுதான் அவள் பிழைப்பு. புருவம் வரை மாவு படிந்து, அடையாளம் தெரியாமல் வீடு திரும்புவாள். வாயைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

கட்டிக்கொண்டவர் டெய்லர். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். அவர் பேசுவது அவருக்கே பாதிதான் கேட்கும். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு சத்தம் என்று எங்கோ அளந்து கொடுத்திருப்பார்கள் போலும், அவருடைய பங்கையும் அவள் எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் அதில் மனத்தாங்கல் கிடையாது. வீட்டுக்காரர்களுக்குத்தான் இருந்தது. ஒரு வீட்டில் சொந்தக்காரரின் கிளி மில்லக்காவின் குரலைக் கற்றுக்கொண்டு, "ஏங்க, குழாயை மூடினீங்களா?" என்று நாள் முழுக்கக் கத்தத் தொடங்கியது. இரண்டு குரலையும் சேர்த்துத் தாங்க முடியாது, ஒன்றை வெளியேற்றுவது என்று வீட்டுக்காரர் தீர்மானித்தார். கிளி சொந்தம், இவர்கள் வாடகை.

அப்படி மாறி மாறித்தான் அந்த ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் முடிந்து, பஸ்ஸும் திரும்பிப் போகிற இடம். சரிவில் இறங்கும் ஒரே தெரு, கீழே ஆறு. அங்கே நாய் குரைப்பதற்கு முன்னால் ஒரு கொட்டாவி விடும், கொட்டாவி முடிந்ததும் எதற்குக் குரைக்க வந்தோம் என்பதை மறந்துவிடும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று. மில் மாவு நெஞ்சில் படிந்து எத்தனையோ வருஷமாக விடாத இருமல், அந்த ஜன்னல் பக்கம் நிற்க ஆரம்பித்த பிறகு தானாக நின்றது. முன்னறை ஜன்னலோரம் டெய்லரின் மெஷின். ஊசியில் நூல் கோக்க விளக்கே வேண்டாம், அவ்வளவு வெளிச்சம். இனிச் செத்தாலும் இந்த வீட்டை விடுவதில்லை என்று மில்லக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னது தெருவுக்கே கேட்டது.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரருக்கும் கேட்டது. அவர் நகர நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுக்க உதட்டில் விரல் வைத்தே நின்றதில், அந்த விரல் இப்போதும் பாதி வளைந்தே இருக்கும். தெருவில் அவருக்கு 'உஷ் ஐயா' என்று பெயர். மாடிப்படிக்கு அடியில்தான் மில்லக்காவின் அடுப்பு. அவள் அடுப்பைப் பார்த்துப் பேசினால் சத்தம் படியேறி, கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் இறங்கி வந்தார்.

"இங்க பாருங்கம்மா, உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா நான் மத்தியானம் கண்ணை மூடினா, உருளைக்கிழங்கு வெந்துச்சா இல்லையான்னு கனவுல வருது."

"மெதுவாத்தானே ஐயா பேசுறேன்," என்றாள் மில்லக்கா. கூரையிலிருந்து புறா ஒன்று பறந்தது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். குறையலைன்னா வேற வீடு பார்த்துக்குங்க."

மில்லக்கா ஜன்னலைப் பார்த்தாள். இந்த ஆறும் இந்த ஜன்னலும் போனால் மறுபடி எவனுடைய சுவரையோ பார்த்துக்கொண்டு இருமவேண்டியதுதான்.

முதலில், இருக்கிற சத்தத்தையெல்லாம் மில்லிலேயே காலி பண்ணிவிட்டு வரலாம் என்று பார்த்தாள். நாள் முழுக்கத் தேவைக்கு மேல் கத்தினாள். தொட்டித் தண்ணீர் போலத் தீர்ந்துவிடும் என்று எண்ணம். தீரவில்லை, பயிற்சியில் இன்னும் மெருகேறியது. பிறகு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சமைத்தாள். வேண்டியதைக் கையால் காட்டுவாள். உப்பு என்று விரலைத் தேய்த்துக் காட்டினால் டெய்லர் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டுவார். கரண்டி கேட்டால் கத்தரிக்கோல் வரும். ஒரு நாள் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டாள். அதையும் ஒரு பொருள் என்று நினைத்து அவர் தொப்பி எடுத்துக் கொடுத்தார்.

மாடியில் நிம்மதி. ஆனால் எதிர்க்கரையில் பெரும் குழப்பம்.

அந்தக் கரையில் இருப்பவர்களை இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியாது. பாலம் தள்ளி எங்கோ இருக்கிறது, பஸ் மாறிப் போகவேண்டும். எப்போதோ வெள்ளம் வந்த வருஷம், ஆற்றங்கரையில் அறிவிப்பு சொல்ல ஒரு ஒலிபெருக்கி வைப்போம் என்று நகராட்சி வாக்குக் கொடுத்திருந்தது. கொடுத்ததோடு சரி. ஆனால் மில்லக்கா குடிவந்ததும் அக்கரைக்கு ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. கணீரென்று, பொறுப்போடு, வேளாவேளைக்கு. நகராட்சி சொன்னதைச் செய்துவிட்டது என்று அவர்கள் ஒருவரையொருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள்.

"மழை வருது, துணியை எடுங்க" என்று வரும். அங்கே ஆற்றங்கரையில் காயப்போடும் லாண்டரிக்காரர் ஓடி ஓடி எடுப்பார், மழையும் தவறாமல் வரும். "கண்ணுக்கு மருந்து போட்டீங்களா இல்லையா?" என்று வந்த அன்று அக்கரை முழுவதும் மருந்துக்கடைக்குப் போய் வரிசையில் நின்றது. ரொம்ப நாளாகக் கண் மங்கியிருந்த ஒருவருக்குத் தன் மனைவி முகம் தெளிவாகத் தெரிந்து, இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. "அந்த முட்டைக்காரன்கிட்ட வாங்காதீங்க, எல்லாம் அழுகல்" என்று ஒரு தடவை வந்தது. பாவம், அக்கரை முட்டைக்காரர் வேறு ஆள். இருந்தாலும் பழைய முட்டைகளைத் தாமாகவே தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாகக் கொண்டுவந்து வைத்தார். சொல்வது அரசாங்கம் அல்லவா.

அந்தக் குரல்தான் திடீரென்று நின்றுபோனது. அக்கரையில் சோறு குழைந்தது, குழாய்கள் மூடாமல் ஓடின, லாண்டரிக்காரரின் ஒரு நாள் வெளுப்பு முழுவதும் மழையில் நனைந்தது. அவர் நேராக நகராட்சிக்குப் போய், ஒலிபெருக்கி ரிப்பேர் என்று புகார் சொன்னார். அங்கே யாருக்கும் ஒலிபெருக்கி பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் ஏன் தெரியாது என்று கேள்வி வரும். ஆகவே ஒவ்வொருவரும் அடுத்த மேஜைக்காரர் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, ஏணியோடு ஒரு மெக்கானிக்கை அனுப்பிவைத்தார்கள்.

மாசக் கடைசி நாள். மில்லக்கா வாயில் தண்ணீரோடு பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இன்று ஒரு பொழுது ஓட்டிவிட்டால் வீடு தங்கிவிடும். வெளியே மெக்கானிக் ஏணியைச் சாய்த்துக் கூரையில் தேடினார். கூடவே லாண்டரிக்காரர்.

"இந்த ஜன்னல்லேருந்துதாங்க வரும். நான் அந்தக் கரையிலேருந்து கையை நேரா நீட்டிப் பார்த்து வச்சிருக்கேன்."

"இங்க ஒயரே இல்லையேங்க," என்றார் மெக்கானிக்.

"கவர்மெண்டு ஒயரு. உள்ளாற ஓடும்."

வேடிக்கை பார்க்க உஷ் ஐயாவும் இறங்கி வந்து நின்றார். கூரையில் ஏணி உரசிய சத்தத்தில் மில்லக்கா தலையைத் திருப்பினாள். திரும்பிப் பார்த்தால் பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அடுப்பு அணைக்கும் திருகு சூடாகிக் கையைக் கிட்ட விடவில்லை. வாயிலிருந்த தண்ணீர் ஜன்னல் வழியாக, ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த மெக்கானிக் மேல் போனது.

"ஏங்க, பால் பொங்குது, ஓடியாந்து அடுப்பை அணைங்க."

டெய்லர் ஓடிவந்து அணைத்தார். அக்கரையில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டிலும் யாரோ ஓடிவந்து அணைத்தார்கள். பால் வைக்காதவர்களும் அணைத்தார்கள். லாண்டரிக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இதேதான்," என்றார். கண் கலங்கியிருந்தது.

மில்லக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. உஷ் ஐயா ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறார், காதைப் பொத்திக்கொண்டு.

"போச்சு. ஒரு மாசம் பல்லைக் கடிச்சேன் ஐயா. ஒரு சொட்டுப் பாலுக்காக வீடு போச்சு."

"அக்கா, எங்க கரைக்கு வந்துடுங்க. வீடு காலியா இருக்கு," என்றார் லாண்டரிக்காரர்.

"அங்க வந்தா உங்களுக்கு எப்படிக் கேக்கும்? இந்தக் கரைக்குத்தான் கேக்கும்."

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனால் அவருக்கு வேலை கணக்காகாது. உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், மில்லக்காவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சார், எந்த ஸ்பீக்கரா இருந்தாலும் நாங்க முதல்ல திருப்பி வச்சுப் பார்ப்போம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அக்காவைத் திருப்பி வச்சுடலாமா?"

"நான் என்ன அலமாரியா," என்றாள் மில்லக்கா. ஆனால் அடுப்பின் ஒரு முனையை அவளே பிடித்துத் தூக்கினாள். மாடிப்படிக்கு அடியிலிருந்த அடுப்பு ஜன்னலுக்கு அடியில் வந்தது. நிற்கிறவள் முகம் இப்போது நேராக ஆற்றைப் பார்த்தது.

உஷ் ஐயா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே மில்லக்கா அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பேசினாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் படியில் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடிச்சுட்டேனே ஐயா."

அவர் நம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை கத்தச் சொல்லிக் கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, "இருங்க. இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு, அங்கேயே தூங்கிப்போனார்.

மில்லக்காவுக்கு ஆறு தங்கியது. இருமல் திரும்பவில்லை. மெக்கானிக் ஒலிபெருக்கி சரியாகிவிட்டதாக நகராட்சியில் போய்ச் சொன்னார், அவர்களும் அதைத் தங்கள் சாதனையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கஷ்டம்தான் மிஞ்சியது. சத்தம் முழுவதும் ஆற்றைத் தாண்டிப் போய்விடுவதால், முன்னறையில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கு மனைவி சொல்வது இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அவள் வாய் அசைவது நிழலில் தெரியும். உடனே அவர் தையலை நிறுத்திவிட்டு, எதிர்க்கரையில் என்ன செய்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்.

நேற்று அங்கே ஆண்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் எழுந்து சீப்பைத் தேடினார்.