வீட்டுக்கோழியா, காட்டுக்கோழியா?

திருத்தணி மலையடிவாரத்தில் இட்லி விற்ற கௌரியம்மாளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் எவனாவது சட்னி நீர்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு, காவடியை இறக்கி வைத்து மன்னிப்புக் கேட்டால்தான் அவன் மலையேற முடியும். அப்பேர்ப்பட்டவள் ஒரு சேவலிடம் மாட்டிக்கொண்டு விழித்தாள்.

யுத்தத்தில் கொயினா மாத்திரை கண்ணில் படாமல் போன வருஷம், அவள் மகள் சந்திராவுக்குக் குளிர்ஜுரம் கண்டது. பெண் நினைவு தப்பிக் கிடந்தபோது, கொண்டை முளைக்கத் தொடங்கியிருந்த ஒரு சேவல்குஞ்சைக் காட்டி, "முருகா, இவள எழுப்பிக் குடு, இத வளத்து உன் மலையில விட்டுடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். சந்திரா எழுந்துவிட்டாள். குஞ்சும் வளர்ந்து, அவள் மாவாட்டி முடித்ததும் மடியில் ஏறி உட்காரப் பழகிவிட்டது. அதைப் பிரிய அவளுக்கு மனசே வரவில்லை.

போதாக்குறைக்கு அதன் அப்பன் மலையிலிருந்து இறங்கி வந்த காட்டுக்கோழி. மகனுக்கும் கழுத்தில் மஞ்சள் புள்ளி, சாம்பல் உடம்பு. இட்லி தின்ன வந்த பாரஸ்ட் கார்டு கஜபதி அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாம்மா, காட்டுக்கோழிய புட்ச்சி வெச்சிகினு கீற? கழுத்த பாத்தாலே தெரியுதே."

"தொப்பி வெச்சிகினா நீ துரையாயிடுவியா? தின்றது என் வூட்டு நொய்யி, தூங்கறது என் வூட்டுக் கூரை. அது வூட்டுக்கோழி!"

கஜபதி மிச்ச இட்லியை விழுங்கிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே புருஷன் தேசப்பன், "வேண்டுதல எப்பமே தீக்கப் போற?" என்று கேட்டான்.

"இன்னாயா நீ, அது காட்டுக்கோழி. மலையில கீறதெல்லாம் முருகனோடதுதான். அவரு பொருளையே அவருக்குக் குடுக்கறதா?"

"அதோட ஆத்தா நம்ம வூட்டுக்கோழிதானே? ஆத்தா எதுவோ புள்ளயும் அதுதான்."

பக்கத்து வீட்டு ரம்ஜான் பீ இரண்டையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "காலைல வூட்டுக்கோழி, சாயங்காலம் காட்டுக்கோழியா அக்கா? எங்க கோழிங்க அது பின்னாலதான் சுத்திகினு கீது. அதுங்க முட்டைய அடை வெக்கிறேன். குஞ்சு பொரிஞ்சா அது நம்ம வூட்டு இனம். கூமுட்டையா போனா காட்டு இனம்."

கௌரியம்மாள் ஒத்துக்கொண்டாள். காட்டு இனம் என்றே முடிவானாலும் கஜபதியை இட்லியால் சமாளிக்கலாம், முருகனைச் சமாளிக்க முடியாது என்பது அவள் கணக்கு. முட்டை கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்பிள்ளை ஊரிலேயே அவள் ஒருத்திதான். அதையும் முருகனிடமேதான் வேண்டினாள்.

அடை முடிந்தது. பாதி முட்டை பொரிந்தது, பாதி கூமுட்டை. ரம்ஜான் பீ தலையைச் சொறிந்தாள். மனைவியின் மடியில் கண்ணை மூடிக் கிடந்த சேவலைப் பார்த்து தேசப்பனுக்கே மனசு இளகிவிட்டது.

"போவட்டும் வுடுமே. பாதிதான் வூட்டுக்கோழி. பாதிக் கோழிக்கு இன்னா வேண்டுதல்? வேற சேவல் வாங்கி வுட்டுடலாம்."

கௌரியம்மாள் ஜெயித்துவிட்டாள். வாசலில் சந்திரா புதுக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கியது.

"அவரு எனக்குப் பாதிப் புள்ளயவா எழுப்பிக் குடுத்தாரு?" என்றாள்.

சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மலைப்படி ஏறினாள்.