அம்மா வீட்டுக்கு மட்டும் கிளம்பாத பைக்

என் கணவரின் பைக் அவர் வேலைக்குப் போகும்போது ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆகும். கொட்டாரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டால் மட்டும் செல்ஃப் எடுக்காது.

"பேட்டரி செரியில்லட்டி, நீ பஸ்ஸுல போ" என்பார். நடிப்பு என்றே நினைத்தேன்.

ஒருநாள் கோபத்தில், அம்மாவுக்காக எப்போதும்போல் ஹேண்டிலில் மாட்டியிருந்த நேந்திரங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். உடனே பின்னால் வண்டி ஸ்டார்ட் ஆனது.

"நான் போனதும் எடுக்கு, பாத்தியளா?" என்று திரும்பி வந்து பையை மறுபடி மாட்டினேன். வண்டி அணைந்தது. பையின் பாரம் சுவிட்ச் ஒயரை இழுத்திருக்கிறது.

ஒயரை மாற்றினோம். பையையும் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு சாவியைக் காணவில்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமையே சாவியை என் கைப்பையில் போட்டுவிடுகிறேன்.