அப்பா அனுப்பிய பாட்டு

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய வெள்ளிக்கிழமைப் பின்னேரம், ஈஸ்ட் ஹாம் வீட்டுக் குசினி மேசையில் வானொலியை நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவும் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. கிற்றார் கம்பி அழுத்திக் காய்த்துப்போன விரல்களால் அக்கா மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நத்தார் வாரத்தில் விற்பனையில் எந்தப் பாட்டு முதலிடத்துக்கு வரும் என்று பந்தயம் கட்டுகிற வெள்ளைக்கார நாடு இது. அந்த வருடம் அக்காவின் ரொக் குழுவும் ஊரெல்லாம் அறிந்த ஒரு பொப் பாடகியும் கடைசிவரை இழுபறியில் நின்றார்கள். முதலிடம் வந்தால் ஆல்பம் போடலாம், வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று கம்பனி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தது.

அக்காவின் இசை என்றாலே அப்பாவுக்கு ஆகாது. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று வெள்ளைக்காரப் பொடியன்களோடு வான் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறவளைப் பற்றிக் கோயிலில் யாராவது விசாரித்தால், "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். ஆறு வருடம் அப்படித்தான் போனது. அந்த வாரம், அவர் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு விற்க வந்த பத்திரிகையில் அக்காவின் படம் இருந்தது. அப்பா அன்றைக்கு ஒரே பத்திரிகையில் ஆறு பிரதிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலையில் போனை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, அக்கான்ர பாட்டை வாங்கி, மற்றாக்களுக்கும் அனுப்பக்கூடிய மாதிரிச் செய்து தா."

செய்து கொடுத்தவள் நான். "அக்கான்ர பாட்டு" என்று அவர் வாயால் கேட்ட சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. பழைய மாணவர் சங்கம், கோயில் சபை, ஊர்க்காரர் என்று அப்பாவின் போன் நிறையக் குரூப்கள். ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். பதில் போடாதவர்களை விட்டுவைக்கவில்லை, கூப்பிட்டு, "கேட்டனீங்களோ?" என்று விசாரித்தார். எல்லோரும் கேட்டார்கள். ஆனால், அப்படிக் கைமாறிப் போகிற பாட்டு விற்பனைக் கணக்கில் சேராது, பட்டியலில் ஏறாது. ஒவ்வொருவரும் தாங்களே வாங்கியிருக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

அந்த வெள்ளிக்கிழமை வானொலியில் முடிவு சொன்னபோது அக்காவின் குழு இரண்டாவதாக வந்தது. வானொலியை நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சவுத்தாலிலிருந்து மாமி அக்காவுக்குப் போன் எடுத்தா. "ரெண்டாவதும் பெரிய விசயம் பிள்ளை. நாங்கள் வீட்டில எல்லாரும் ஒவ்வொரு நாளும் கேட்டனாங்கள். வாங்கத்தான் இருந்தம், அதுக்குள்ள அப்பா அனுப்பிப்போட்டார்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா ஒன்றும் விளங்காமல், "கனபேர் கேட்டிருக்கினம், என்ன?" என்று சிரித்தார். "ஓம் அப்பா" என்றாள் அக்கா. பிறகு மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அப்பாவிட்டை மூச்சு விடாதை. இப்பதான் முதல் தரம் என்னைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார்" என்றாள். அத்தனை பேரும் வாங்கியிருந்தால் வென்றிருப்பாளா? எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிடப் போவதுதான் என்னை அரிக்கிறது.

கம்பனி சொன்னபடி கைவிட்டது. குழு அடுத்த கோடைக்குள் கலைந்தது. அக்கா இப்போது வெம்பிளியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறாள். டிசம்பர் பிறந்தால் அந்தப் பொப் பாட்டை அங்கே நாள் முழுக்கப் போடுகிறார்கள். அவள் கிற்றாரை விற்றுவிட்டாள், அதைப் பற்றிக் கதைத்தால் எழுந்து போய்விடுகிறாள். அவளை அந்தச் சீருடையில் பார்க்க எனக்கு ஏலாது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவோ இதையெல்லாம் ஒரு இடைவேளை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன கிழமை நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"இந்த நத்தாருக்கு அக்காவை ஒரு பாட்டுப் போடச் சொல்லு. அப்ப என்னட்டை இவ்வளவு ஆக்கள் இல்லை. இப்ப எனக்குக் கனக்கக் குரூப் இருக்கு. ஒருத்தரையும் விடாமல் அனுப்பலாம்."

"ஓம் அப்பா, சொல்லுறன்" என்றேன்.