கோபத்துக்கு மின்னல், அழுகைக்குக் கிளிசரின்

எங்கள் பிளாட் டிவியில் வந்துவிட்டது.

நிஜமாகத்தான். போன ஞாயிற்றுக்கிழமை மாலை, கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் கட்டடத்து ஆட்கள் அநேகமாக எல்லோரும் இரண்டாம் மாடியில் தவமணி அக்கா வீட்டு ஹோலில் கூடியிருந்தோம். தமிழ் டெலி டிராமா ஒன்று. அதில் பாதிக்கு மேல் அந்த ஹோலிலேயே எடுத்தது. அந்த ஹோலில் இருந்துகொண்டே அந்த ஹோலை டிவியில் பார்ப்பதில் ஒரு பெருமை இருக்கத்தானே செய்யும்?

நாற்காலிகளில் ஆண்கள். பாயில் பெண்கள். யாரும் யாருக்கும் அப்படிச் சொல்லவில்லை. அது எப்படித்தான் தானாக நடக்கிறதோ... நானும் அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிறவள்தான். பேசாமல் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

இந்த நாடகம் எடுத்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு இந்த வாரம் தூக்கம் வராது. கேளுங்கள்.

இயக்குநர் ரவீந்திரன், தவமணி அக்காவின் கணவர் குணரத்தினம் அண்ணரின் தங்கை மகன். வார நாட்களில் டியூஷன் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். வார இறுதியில் கலை. சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கமராவையும் லைட்டுகளையும் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்து இறங்கினான். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பத்தி எழுதுகிறவளுக்கு வேடிக்கை பார்ப்பதும் தொழில்தானே.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரம் பண்ணும் கணவன், அடங்கிப் போகும் மனைவி, கடைசியில் கணவன் திருந்துகிறான். கணவனாக நடித்தவன் யோகன். வடக்கே வவுனியாப் பிள்ளை. வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தான். மீசை ஐயனார் மீசை, குரல் கோயில் மணி, ஆள் மட்டும் ஒரு பூனைக்குட்டி. தேத்தண்ணி கொடுத்தால்கூட எழுந்து நின்றுதான் வாங்குவான். திங்கட்கிழமை அவனுக்குத் தூதரகத்தில் விசா இன்டர்வியூ. அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தவன். மனைவியாக நடித்தவள் ஜெனிற்றா, கொட்டாஞ்சேனைப் பெண், காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை. அவளுக்கு வாய் காது வரைக்கும். கமராவுக்கு முன்னால் மட்டும் ஊமை.

கமராவைக் கிட்டத்தட்ட நிலத்தில் வைத்தான் ரவீந்திரன்.

"ஏன் தம்பி உந்தக் கமராவை நிலத்தில வைக்கிறீர்? தூசி எல்லே?" என்று கேட்டார் தவமணி அக்கா.

"கீழ இருந்து எடுத்தால்தான் மாமி ஆள் பெரிசாத் தெரியும். கணவன் எண்டால் அப்பிடித்தான் எடுக்கவேணும். அதிகாரம் தெரியவேணுமே."

"அப்ப மனுசியை?"

"மேசைக்கு மேல ஏறி நிண்டு எடுப்பம். மேலயிருந்து பாத்தால் ஆள் சின்னனாப் போயிடும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "நான் ஸ்டூலில ஏறி ஒட்டறை அடிக்கேக்க இவர் கீழ நிண்டு பேப்பர் பாக்கிறவர். அப்ப நான் அவருக்குப் பெரிசாத் தெரியவேணுமே. ஒருநாளும் அப்பிடித் தெரிஞ்ச மாதிரிக் காணேல்லை."

ரவீந்திரன் சிரித்துச் சமாளித்தான். ஆனால் அன்று முழுவதும் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த நாடகக்காரர்களிடம் ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது, யாரும் எழுதாத புத்தகம். கணவன் வாசல் கதவால் வருவான், மனைவி குசினிக்குள் இருந்து வருவாள். கணவன் வந்தால் மேளம், மனைவி வந்தால் புல்லாங்குழல். கணவன் பேசாமல் நின்றால் கம்பீரம். மனைவி பேசாமல் நின்றால்? அவள் பேசாமல் நிற்க முடியாது, உடனே கண்ணுக்குக் கிளிசரின் விட்டு குளோஸ்-அப் எடுத்துவிடுவார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள்... குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு அறிமுகமாகிற கதாநாயகனை எந்த நாடகத்திலாவது கண்டிருக்கிறீர்களா?

பொழுது பட்டது. முக்கியமான காட்சி. கணவன் கோப்பையைத் தட்டிவிட்டு, "இந்த வீட்டில நான் வைச்சதுதான் சட்டம். என்னைக் கேக்காமல் ஒருத்தரும் இந்த வாசலைத் தாண்டேலாது" என்று கர்ஜிக்க வேண்டும். மனைவி நிலத்தில் இருந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அழ வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். எங்கள் எல்லோருக்கும் வசனம் மனப்பாடமாகிவிட்டது. குசினியில் தோசை சுட்டுக்கொண்டே அக்கா அதைச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

ரவீந்திரனுக்குத் திருப்தி இல்லை. "மின்னல் வேணும்" என்றான்.

"வெளியில மழை இல்லையே?" என்றார் அக்கா.

"மழைக்கில்லை மாமி. கணவன்ர கோபத்துக்கு."

"அவள் கோவிச்சால்?"

"அவ கோவிக்கிறேல்லை மாமி. அவ அழுவா."

மின்னல் போடும் பொறுப்பை குணரத்தினம் அண்ணர் ஏற்றார். காலையிலிருந்து தன்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு. பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். ரவீந்திரன் "ஸ்டார்ட்" என்றதும் லைட்டைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து... யோகன் கர்ஜிக்க, ஜன்னலில் மின்னல் வெட்ட, எனக்கே மயிர் கூச்செறிந்தது.

பால்கனி எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்களா? கடல் பக்கம்தான்.

யுத்தம் நடக்கிற, கடல் பக்கம் டோர்ச் அடிக்கவே பயப்படுகிற காலம் இது. இருட்டில் கடலைப் பார்த்து ஒரு பெரிய லைட் விட்டு விட்டு எரிந்தால் ரயில் பாதையில் காவலுக்கு நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கலை என்றா நினைப்பார்கள், கடலில் வரும் படகுக்குச் சைகை என்றா? இந்தக் கட்டடத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. அந்த நேரம் எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. காட்சி அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. தட்டின தட்டிலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

இந்த ஊரில் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கதவு அப்படித் தட்டப்பட்டால் ஆண்கள் எழும்பக் கூடாது, பெண்தான் திறக்க வேண்டும். ஆண் திறந்தால் முதல் கேள்வியே அடையாள அட்டை. பெண் திறந்தால் முதலில் ஒரு வார்த்தை கதைக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள். டிவியில் வாசல் கதவு ஆணுக்கு. வெள்ளவத்தையில் அது பெண்ணுக்கு.

குணரத்தினம் அண்ணர் பால்கனியிலிருந்து பாத்ரூமுக்குப் போன வேகம் இருக்கிறதே... மின்னல் என்றால் அதுதான் மின்னல். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது. ரவீந்திரன் சுவரோடு சுவராகிவிட்டான். கமராக்காரர் கமராவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தவர் இருந்தபடியே உறைந்துபோனார்.

தவமணி அக்கா தோசைக் கரண்டியைக் கையில் வைத்தபடி குசினிக்குள் இருந்து வந்து கதவைத் திறந்தார்.

ஒரு சார்ஜன்ட், பின்னால் துவக்குகளோடு இரண்டு பேர். "கவுத லைட் கஹன்னே?" என்றார் சார்ஜன்ட். லைட் அடிக்கிறது யார் என்று கேள்வி.

"மேக டெலி நாட்யயக் மஹத்தயா" என்றார் அக்கா. இது டெலி டிராமா, ஐயா. ஒழுங்கைக்கு வரும் மீன்காரரோடு வருஷக்கணக்காகப் பேரம் பேசிப் பழகிய சிங்களம் அது. இலக்கணம் எப்படியோ, தடுமாற்றம் இல்லை.

சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார். பட்டு வேட்டியில், ஐயனார் மீசையோடு, உடைந்த கோப்பைகளுக்கு நடுவில் யோகன். அடையாள அட்டையைக் கேட்டார். வவுனியா. வெளியூர் ஆட்கள் கொழும்பில் தங்க எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவைக் கேட்டார். கொட்டாஞ்சேனை. வவுனியா ஆள், கொட்டாஞ்சேனைப் பதிவு, இருட்டின பிறகு வெள்ளவத்தையில் கடல் பக்க வீட்டில் லைட்டோடு... சார்ஜன்டின் முகம் மாறியது. விசாரணைக்கு என்று ஏற்றினால் எப்போது இறக்குவார்கள் என்று ஏற்றுகிறவர்களுக்கே தெரியாத காலம். திங்கட்கிழமை இன்டர்வியூ என்ன, அவனை எந்த ஸ்டேஷனில் போய்த் தேடுவது என்பதே தெரியாமல் போய்விடும்.

பாத்ரூம் சத்தத்தைக் கேட்டு, உள்ளே யார் என்றார் சார்ஜன்ட்.

"மகே மஹத்தயா. படே அமாருவ." என்னுடைய மனுஷன், வயிற்றுக் கோளாறு என்றார் அக்கா. அது முழுப் பொய்யாக இருந்திருக்காது.

"இவன் நடிகன் என்றால் நடித்துக் காட்டச் சொல்லுங்கள்" என்றார் சார்ஜன்ட்.

யோகன் வாயைத் திறந்தான். "இந்த வீட்டில... நான்..." அவ்வளவுதான். கோயில் மணி கம்மிப் போய்விட்டது. அத்தனை டேக்கிலும் கர்ஜித்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் யோகனின் கையைப் பிடித்தார்.

"பொட்டக் இன்ன மஹத்தயா" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுங்கள். பிறகு யோகனைப் பார்த்துத் தமிழில், மெதுவாகச் சொன்னார். "தம்பி, நீர் போய் ஜெனிற்றான்ர இடத்தில இரும். நான் உம்மட இடத்தில நிக்கிறன். நான் பேச, நீர் அழும்."

பிடித்த கை என்ன நினைத்ததோ, விட்டுவிட்டது. யோகன் போய் உடைந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். தவமணி அக்கா, கணவன் நிற்பதற்குச் சாக்கட்டியால் கோடு போட்டிருந்த இடத்தில் வந்து நின்றார். கரண்டியை உயர்த்தினார்.

"இந்த வீட்டில நான் வைச்சதுதான் சட்டம். என்னைக் கேக்காமல் ஒருத்தரும் இந்த வாசலைத் தாண்டேலாது."

சத்தியமாகச் சொல்கிறேன், மேளம் இல்லை, மின்னல் இல்லை. ஹோல் அதிர்ந்தது. வசனத்தை யோகனைப் பார்த்துத்தான் தொடங்கினார். முடிக்கும்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகன் அழுதான். கிளிசரின் இல்லாமல், தோள் குலுங்க, சொந்த அழுகை. அழக் கூடாது, நீ ஆம்பிளை என்று அவனுக்குச் சொல்ல அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. எனக்கும் கண் முட்டியது.

சார்ஜன்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் நன்றாக அழுகிறான்" என்றார் கடைசியில். பிறகு பாத்ரூம் பக்கம் பார்த்து, அக்காவின் கரண்டியைப் பார்த்து, சிரித்துவிட்டார். "அபே கெதரத் எஹெமய்." எங்கள் வீட்டிலும் இப்படித்தான்.

அடையாள அட்டை திரும்பி வந்தது. லைட்டைக் கழற்று, ஜன்னலை மூடு, இரவில் இவனை றோட்டில் விடாதே... கட்டளைகள் முடிந்து சப்பாத்துச் சத்தம் படியிறங்கிய பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம். குழாயும் அப்போதுதான் நின்றது. வெளியே வந்த குணரத்தினம் அண்ணர் துவாயால் முகத்தைத் துடைத்தபடி, "என்னவாம்?" என்றார்.

கமராவில் சின்னச் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்ததை ஜெனிற்றாதான் கண்டாள். கமராக்காரர் பயத்தில் நிற்பாட்டவில்லை. எல்லாம் பதிவாகியிருந்தது. கணவனுக்காக நிலத்தில் வைத்த கமரா, அக்காவைக் கீழேயிருந்து எடுத்திருந்தது. போட்டுப் பார்த்தோம். கரண்டியோடு அவர் தலை சீலிங் வரைக்கும் நின்றது.

"மாமி, முழு நாடகத்திலயும் இதுதான் நல்ல ஷொட்" என்றான் ரவீந்திரன். அதை அவன் மனதாரத்தான் சொன்னான்.

யோகன் திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போனான். விசா கிடைத்தது. போன மாதம் விமானம் ஏற முன் அக்காவுக்கு போன் எடுத்தானாம். "வழியெல்லாம் செக்கிங் அக்கா. நீங்கள் பக்கத்தில இல்லாததுதான் குறை" என்றானாம்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நாடகம் போனது. யோகன் கர்ஜித்தான், மின்னல் வெட்டியது, அதையே மூன்று தரம் திருப்பிக் காட்டினார்கள். ஜெனிற்றா மேசை உயரத்திலிருந்து சின்னதாகத் தெரிந்தாள். அக்காவின் காட்சியை மட்டும் காணோம். கேட்டால், "கதைக்குப் பொருந்தேல்லை" என்கிறான் ரவீந்திரன். எனக்குக் கோபம் வந்தது. மின்னல் போட ஆள் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடின. "வீடு தந்து உதவியவர்: திரு. குணரத்தினம்."

நாற்காலிகள் கைதட்டின. குணரத்தினம் அண்ணர் எழுந்து நின்று கும்பிட்டார். தவமணி அக்கா தேத்தண்ணித் தட்டோடு குசினிக்குள் இருந்து வந்துகொண்டிருந்தார். திரையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"அந்த பாத்ரூமுக்கும் ஒரு நன்றி போட்டிருக்கலாம்."

பாய் முழுக்கச் சிரித்து உருண்டது. சிரிப்பு அடங்கவில்லை, கதவு தட்டப்பட்டது. நாற்காலிகள் ஒன்றும் அசையவில்லை. குணரத்தினம் அண்ணரின் கண் பாத்ரூம் பக்கம் போய்வந்ததை நான் பார்த்தேன். அக்கா தட்டை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்களைக் கடந்து போய்க் கதவைத் திறந்தார்.

மேல் மாடி மாஸ்டர். "நாடகம் முடிஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாயில் இருந்ததில் ஒரு லாபம் உண்டு. கதவைத் திறக்கப் போன அக்காவை நான் கீழேயிருந்துதான் பார்த்தேன்.